தலைப்பட்டைக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எங்களுக்கு ஊர் திருப்பூர். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரே மகன், 17 வயது. போன வருஷம் நீட்டில் மார்க் பத்தவில்லை. மறுபடி எழுதுவதற்காக வெளியூரில் ஹாஸ்டலோடு இருக்கும் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்த்திருக்கிறோம். ஃபீஸுக்குக் கடன்தான் வாங்கினோம். இப்போது சென்டரிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. படிக்கும்போது பிள்ளைகளின் தலையில் ஒரு பட்டை மாட்டுவார்களாம். மூளை எவ்வளவு கவனமாக இருக்கிறது என்று அது காட்டுமாம். வாராவாரம் பெற்றோர் குரூப்பில் ஸ்கோர் வருமாம். மூன்று பக்கமும் ஆங்கிலம். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் படிக்கச் சொன்னேன். கவனம், மன அழுத்தம், தூக்கம் பற்றிய தகவல்களைச் சேகரிக்கவும், பங்குதாரர் நிறுவனங்களுக்குத் தரவும், தயாரிப்பை மேம்படுத்தப் பயன்படுத்தவும் சம்மதிக்கிறோம் என்று கடைசியில் இருக்கிறதாம். கையெழுத்துப் போடாவிட்டால் ஸ்பெஷல் பேட்ச்சில் இடமில்லை என்கிறார்கள். மகன் வேண்டாம் என்கிறான். ஏன் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன லீவில் அவன் தூங்கும்போது போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு ஏஐ ஆப்பில் ராத்திரி ராத்திரியாக எழுதியிருக்கிறான். 'எனக்குப் பிடிக்கவே இல்லை, வீட்டில் சொல்ல முடியாது' என்றெல்லாம் இருந்தது. படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பட்டையை மாட்டினால் அவன் மனதில் இருப்பது சென்டருக்குத் தெரிந்துவிடுமா? எங்களுக்காவது தெரியுமா? கையெழுத்துப் போடலாமா?

– ஒரு தாய், திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தப் படிவத்தில், இப்போது இருக்கிறபடி, கையெழுத்துப் போடாதீர்கள். மகன் வேண்டாம் என்கிறான் என்பதே எனக்குப் போதுமான காரணம். தலை அவனுடையது. காரணம் சொன்னால்தான் அவன் மறுப்பு செல்லும் என்று நாம் வைத்துக்கொண்டால், உள்ளே இருப்பதைச் சொல்ல விரும்பாதவன் அதைச் சொல்லித்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஆகிவிடும். தகவல் பாதுகாப்பு தொடர்பான வழக்குகளைப் பார்க்கிற வழக்கறிஞர் என்ற முறையில் சட்டத்தையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களை அதிகம் பயமுறுத்துகிற கேள்விக்கு வருகிறேன்.

அவன் மனதில் என்ன இருக்கிறது என்று அந்தப் பட்டைக்குத் தெரியாது. மூளையின் நரம்பணுக்கள் வேலை செய்யும்போது மிக நுண்ணிய மின்சாரம் எழுகிறது. அதை மண்டைக்கு வெளியே இருந்து பதிவு செய்வதற்குத்தான் இ.இ.ஜி. என்று பெயர். ஜெர்மனியைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலில் ஒரு மனிதருக்கு அப்படிப் பதிவு செய்தார். இன்றும் வலிப்பு நோய்க்கு நரம்பியல் மருத்துவர்கள் எடுக்கும் அதே பரிசோதனைதான். யாருக்காவது எடுத்திருந்தால் உங்களுக்கே தெரியும். தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வார்கள். இருபது இடங்களுக்கு மேல் பசை தடவி ஒயர் ஒட்டுவார்கள். கண்ணை மூடு, அசையாதே, பல்லைக் கடிக்காதே என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கண் சிமிட்டினாலே மூளையின் மின்சாரத்தைவிடப் பெரிதாக ஒரு கோடு எகிறும் என்பதுதான் காரணம். இவ்வளவு செய்தும், அந்தக் கோடுகளைப் பார்த்துத் தூக்கமா விழிப்பா, வலிப்பின் அறிகுறி உண்டா என்று மருத்துவர் சொல்வாரே தவிர, நோயாளி என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று சொல்ல மாட்டார்.

பட்டையில் இருப்பது இரண்டு மூன்று உணரிகள். வியர்வையும் எண்ணெயும் இருக்கிற நெற்றியில், அசைந்துகொண்டே எழுதும் பையனிடமிருந்து அது பதிவு செய்கிறது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கு இரண்டு தெரு தள்ளி நின்றால் சத்தம் கூடுவதும் குறைவதும் கேட்கும். கூட்டத்துக்குள் இரண்டு பேர் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது கேட்காது. பட்டையின் நிலைமை அதுதான். எந்த அலை கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு, 'கவனம் 62' என்று ஒரு எண்ணைக் காட்டும். ஒரு இயற்பியல் கணக்கை விட்டுவிட்டு, ஹாஸ்டலில் நேற்று நடந்த சண்டையைப் பற்றி மிகக் கவனமாக யோசித்தாலும் அந்த எண் ஏறலாம்.

எழுத்தாகவே எண்ணத்தைப் படித்துவிட்டார்கள் என்று 2023-இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று பெரிய செய்தியானது. அது உண்மையான ஆய்வுதான். ஆனால் அதில் பங்கெடுத்தவர்கள் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்துக்குள் சுமார் 16 மணி நேரம் படுத்துக் கதை கேட்க வேண்டியிருந்தது. ஒருவரை வைத்துப் பழக்கிய கருவி இன்னொருவரிடம் வேலை செய்யவில்லை. பழக்கப்பட்டவரே மனதுக்குள் வேறு எதையாவது எண்ணிக்கொண்டே இருந்தாலும் வேலை செய்யவில்லை. இந்தத் துறை வேகமாக வளர்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கோச்சிங் சென்டர் வாங்கும் பட்டை அந்த இடத்தில் இல்லை.

அப்படியென்றால் மாட்டினால் என்ன போயிற்று என்று உங்கள் கணவர் கேட்கலாம். எனக்குக் கவலையே இங்கேதான் தொடங்குகிறது. பட்டை தருவது ஊகம். குரூப்பில் வந்ததும் அது உண்மையாகிவிடும். 'உன் பையன் 41, என் பையன் 78' என்று பெற்றோர் பேசுவார்கள். வார்டன் பேசுவார். கடைசியில் பையனே தன்னைப் பற்றி அப்படி நினைக்க ஆரம்பிப்பான்.

சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ஜின்ஹுவா நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில் இதைச் செய்தே பார்த்தார்கள். 2019-இல் அந்தக் காட்சிகள் வெளியே வந்து பெரிய விவாதமானது. பட்டையின் முன்பக்கத்தில் ஒரு விளக்கு. கவனமாக இருந்தால் சிவப்பு, கவனம் சிதறினால் நீலம். வகுப்பில் எந்தப் பிள்ளையின் நெற்றியில் என்ன நிறம் என்று ஆசிரியருக்கு அங்கிருந்தே தெரியும், கம்ப்யூட்டருக்கும் போகும், பெற்றோர் குரூப்புக்கும் போகும். ஸ்கோர் குறைந்தால் வீட்டில் தண்டனை கிடைக்கிறது என்று ஒரு பையன் செய்தியாளரிடம் சொன்னான். எதிர்ப்புக் கிளம்பியதும் உள்ளூர்க் கல்வித் துறை அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. பத்து வயதுப் பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்க்கக்கூட நெற்றி விளக்கை நினைத்துப் பயப்பட வேண்டும் என்றால் அது என்ன படிப்பு? உங்கள் மகனுக்குப் பதினேழு. வெட்கமும் தோல்வி பயமும் அதிகமாக இருக்கும் வயது. அவன் வேண்டாம் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

நம் நாட்டில் இதைப் பற்றி நீதிமன்றம் பேசியது பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் அல்ல, குற்ற வழக்குகளில். சந்தேகப்படுபவர்களுக்கு மருந்து கொடுத்துப் பேச வைப்பது, பொய் கண்டறியும் சோதனை செய்வது, தலையில் உணரிகளை மாட்டி மூளை அலையைப் பதிவு செய்வது எல்லாம் போலீஸ் விசாரணையில் நடந்துகொண்டிருந்தன. 2008-இல் புனேயில் ஒரு கொலை வழக்குத் தீர்ப்பில் மூளை அலைச் சோதனையும் ஒரு ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய சம்மதம் இல்லாமல் இந்த மூன்றையும் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டது. பேசுவதா, மௌனமாக இருப்பதா என்று முடிவு செய்வது அந்த மனிதரின் உரிமை. அதைக் கருவி வைத்து மீறுவது அவருடைய மனதின் அந்தரங்கத்துக்குள் நுழைவது என்பது தீர்ப்பின் சாரம். பிறகு 2017 ஆகஸ்ட் 24 அன்று, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

இந்தத் தீர்ப்புகள் முதன்மையாக அரசுக்கும் போலீசுக்கும் போட்ட கடிவாளம். தனியார் சென்டர் மீது நேரடியாகப் பாயாது. ஆனாலும் நான் இவற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரிடமே சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாத ஒன்றை, பயாலஜி படிக்கப் போன பையனுக்கு 'பேட்ச்சில் இடமில்லை' என்று மிரட்டிச் செய்வது எப்படி நியாயம் என்று சென்டர்காரர்களிடம் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

தனியாரைக் கட்டுப்படுத்துவது 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நமக்கு வேண்டிய பெரும்பாலான பிரிவுகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் அமலுக்கு வரும். ஆனால் எந்தத் திசையில் சட்டம் போகிறது என்று சென்டருக்கு நீங்கள் காட்டலாம். அந்தச் சட்டத்தின்படி சம்மதம் என்பது கட்டாயமில்லாமல், நிபந்தனையில்லாமல், எதற்கு என்று தெரிந்து கொடுப்பதாக இருக்க வேண்டும். அந்த நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டும்தான் அது செல்லும். கொடுத்ததைத் திரும்பப் பெறுவதும் கொடுத்தது போலவே சுலபமாக இருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிய வேண்டிய இன்னொன்று: அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கிற வசதி தர வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தேடிப் போக வேண்டிய நிலை உங்களுக்கு வந்திருக்கவே கூடாது.

18 வயது ஆகாதவர்களுக்கு அந்தச் சட்டத்தின் 9-வது பிரிவு தனியாகப் பேசுகிறது. பெற்றோரின் சம்மதம் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்வதும் அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதும் கூடாது. பிள்ளையின் நலனைக் கெடுக்கக்கூடிய எதையும் அவர்களுடைய தகவலை வைத்துச் செய்யக் கூடாது. இதை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

சென்டருக்கு ஒரு நல்ல வக்கீல் இருந்தால் இதற்குப் பதில் வைத்திருப்பார். கல்வி நிறுவனம் தன் கல்விப் பணிக்காகவோ, படிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவோ கண்காணித்தால் விதிகளில் விலக்கு இருக்கிறது. ஆகவே எங்களுக்கு உங்கள் சம்மதமே தேவையில்லை என்றுகூட அவர் வாதிடலாம். ஆனால் விலக்குக் கொடுத்தது சம்மதத்துக்கும் கண்காணிப்புக்கும் மட்டும்தான். பிள்ளையின் நலனைக் கெடுக்கக் கூடாது என்ற பகுதிக்கு விலக்குக் கிடையாது. அதோடு, விலக்கு கல்விப் பணிக்கு. 'பங்குதாரர் நிறுவனங்களுக்குத் தருவது', 'தயாரிப்பை மேம்படுத்துவது' எந்தக் கல்விப் பணியில் சேரும்? படிவத்தின் கடைசிப் பத்தியை யாரோ விளையாட்டாக எழுதவில்லை. பட்டை விற்கிற நிறுவனத்துக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் மூளை அலைகள் கிடைப்பது பெரிய வரவு. அதை வைத்து அடுத்த கருவியைச் செய்யலாம். உங்கள் மகன் ஃபீஸ் கட்டிப் படிக்கிறான், கூடவே காசில்லாமல் அவர்களுக்கு உழைக்கவும் செய்கிறான் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

இன்றைக்கு நடைமுறையில் இருக்கும் சட்டம் எது என்றால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிகள். அவற்றில் உடல்நிலை, மனநிலை பற்றிய தகவல் நுட்பமான தனிநபர்த் தகவல் என்ற வகைக்குள் வருகிறது. உங்கள் படிவத்தில் 'மன அழுத்தம்' என்ற சொல் இருக்கிறதே, அது போதும். அந்த வகைத் தகவலைத் தர மறுக்கிற வாய்ப்பை உங்களுக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். தந்த சம்மதத்தை எழுத்தில் திரும்பப் பெறலாம். அப்படிப் பெற்றால், எந்தச் சேவைக்காக அந்தத் தகவல் கேட்கப்பட்டதோ அந்தச் சேவையைத் தர மாட்டோம் என்று அவர்கள் சொல்லலாம். பயாலஜி வகுப்பு எடுக்க மூளை அலை தேவையில்லை. ஆகவே பட்டை அறிக்கையை நிறுத்தலாம், பேட்ச்சை மாற்ற முடியாது என்பது என் வாதம். குறை கேட்பதற்கு ஒரு அதிகாரி இருக்க வேண்டும், அவர் ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. அலட்சியத்தால் தகவல் கசிந்து உங்களுக்கு இழப்பு வந்தால், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் இழப்பீடு கேட்டு மனுப் போடலாம்.

இவற்றைவிட உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது 2025 ஜூலையில் வந்த ஒரு தீர்ப்பு. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவி இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாணவர்களின் மனநலத்துக்காக 15 வழிகாட்டுதல்களை வகுத்தது. கோச்சிங் சென்டருக்கும் ஹாஸ்டலுக்கும் அவை பொருந்தும். மார்க்கை வைத்துப் பேட்ச் பிரிக்கக் கூடாது, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தக் கூடாது, சக்திக்கு மீறிய இலக்கு வைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பயிற்சி பெற்ற கவுன்சிலர் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பெற்றோர் குரூப்பில் பெயர் போட்டு கவன ஸ்கோர் அனுப்புவது இந்த வழிகாட்டுதலின் பக்கத்தில்கூட நிற்காது. ஸ்பெஷல் பேட்ச் என்பதையே எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்று கேட்கலாம்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று சென்டர் உதாரணம் காட்டினால், நீங்களும் காட்டலாம். பள்ளியிலும் வேலை செய்யும் இடத்திலும் ஒருவரின் உடல் சார்ந்த தரவை வைத்து அவர் உணர்ச்சிகளை ஊகிக்கும் ஏஐ கருவிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரி 2 முதல் தடை. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. சிலி நாடு 2021-இல் மூளையின் செயல்பாட்டையும் அதிலிருந்து கிடைக்கும் தகவலையும் காக்கும்படி தன் அரசமைப்புச் சட்டத்தையே திருத்தியது. அங்கே கீடோ ஹிரார்தி என்ற முன்னாள் செனட்டர் கடையில் கிடைக்கும் ஒரு மூளை அலைக் கருவியை வாங்கி மாட்டிப் பார்த்தார். பதிவானது நிறுவனத்தின் சர்வரில் போய் உட்கார்ந்தது. அதை அவரே எடுத்துப் பார்க்கத் தனியாகப் பணம் கட்டச் சொன்னது நிறுவனம். அவர் வழக்குப் போட்டார். 2023 ஆகஸ்டில் சிலியின் உச்ச நீதிமன்றம் அவருடைய மூளைத் தரவை அழிக்கும்படி உத்தரவிட்டது. அமெரிக்காவில் கொலராடோவும் கலிபோர்னியாவும் 2024-இல் நரம்புத் தரவைத் தனிக் கவனம் தேவைப்படும் தகவலாகச் சட்டத்தில் சேர்த்தன.

சென்டருக்கு நீங்கள் எழுத வேண்டியதை எழுதித் தருகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்; மெயிலில் அனுப்புங்கள், ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் போடுங்கள்.

'ஐயா, தாங்கள் அனுப்பிய தலைப்பட்டைப் படிவத்தைத் தமிழில் தர வேண்டுகிறேன். பட்டையைத் தயாரிக்கும் நிறுவனம் எது, பதிவாகும் தகவல் எங்கே இருக்கும், எவ்வளவு காலம் இருக்கும், சென்டரில் யார் யார் பார்ப்பார்கள், வெளியே யாருக்குத் தரப்படும், மாணவர் சென்டரை விட்டுப் போகும்போது எப்படி அழிக்கப்படும் என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். நாங்கள் எழுத்தில் சம்மதம் தரும்வரை என் மகனுக்குப் பட்டை மாட்ட வேண்டாம். அவன் பெயரோ மதிப்பெண்ணோ எந்த அளவீடோ பெற்றோர் குரூப்பில் பகிரப்பட வேண்டாம். இதைக் காரணமாக வைத்து அவனுடைய பேட்ச், வகுப்பு, ஹாஸ்டல் எதையும் மாற்ற வேண்டாம்.'

மரியாதையாக, சுருக்கமாக இருக்கட்டும். நான் பார்த்தவரை, இப்படி எழுத்தில் கேட்டதும் பாதிச் சென்டர்கள் 'விருப்பப்பட்டவர்கள் மட்டும்' என்று மாற்றிக்கொள்வார்கள். கடன் வாங்கி ஃபீஸ் கட்டியிருக்கிறோமே, வெளியே அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் உங்களுக்கு இருக்கும். கோச்சிங் சென்டர்களுக்காக மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் தந்த வழிகாட்டுதலில், இடையில் விலகும் மாணவருக்கு மீதிக் காலத்துக்கான ஃபீஸைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. ஹாஸ்டல், மெஸ் பணத்துக்கும் அது பொருந்தும். அது வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை. ஆனாலும் நுகர்வோர் ஆணையத்தில் பேசும்போது கையில் இருக்க வேண்டிய காகிதம்.

இப்போது அந்த ஏஐ ஆப். அம்மா, பட்டையைவிட எனக்கு இதில்தான் கவலை அதிகம். பட்டையால் அவன் எண்ணத்தைப் படிக்க முடியாது. ஆப்பில் அவனே தன் கையால் எண்ணத்தை எழுதித் தருகிறான். எழுதியது மட்டுமல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுதினான், மூன்று நாளாகத் தொடர்ந்து எழுதினான் என்பதும் அங்கே பதிவாகும்.

ஒரு மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ அவன் இதைச் சொல்லியிருந்தால், 2017-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு காவல் இருக்கும். அவன் உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்பது போன்ற சில சந்தர்ப்பங்கள் தவிர அவர்கள் வெளியே சொல்லக் கூடாது. ஆப்புக்கு அந்தக் கடமை இல்லை. சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மனே 2025 ஜூலையில் ஒரு பேட்டியில், மருத்துவரிடமோ வக்கீலிடமோ பேசினால் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு இந்த உரையாடலுக்கு இல்லை என்று சொன்னார்.

மனம் விட்டுச் சொன்னது எங்கே போகும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன். பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் கவுன்சிலிங் நிறுவனம், சேருபவர்களிடம் கேட்ட கேள்விகளுக்கான பதில்களையும் ஈமெயில் முகவரிகளையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குத் தந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-இல் குற்றம் சாட்டியது. 78 லட்சம் டாலர் கட்டித்தான் அது முடிந்தது. பின்லாந்தில் வஸ்டாமோ என்ற உளவியல் சிகிச்சை நிறுவனத்தின் கம்ப்யூட்டரிலிருந்து சுமார் 33,000 நோயாளிகளின் பதிவுகள் திருடப்பட்டன. முதலில் நிறுவனத்திடம் பணம் கேட்டான் திருடியவன். கிடைக்காமல் போகவே 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே ஒவ்வொருவராக மெயில் போட்டான்: 200 யூரோ கட்டு, இல்லாவிட்டால் நீ சிகிச்சையில் சொன்னதெல்லாம் வெளியே வரும் என்று. அந்த மெயில்கள் வந்தவர்களில் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது சிகிச்சைக்குப் போனவர்களும் இருந்தார்கள். பாஸ்வேர்டை மாற்றலாம், வங்கிக் கணக்கை மாற்றலாம். பதினாறு வயதில் அழுதுகொண்டே சொன்னதை மாற்ற முடியாது.

இதையெல்லாம் சொல்லி அவன் எழுதுவதைத் தடுத்துவிடாதீர்கள். அவனுக்கு இப்போது இருக்கிற ஒரே வாசல் அதுவாக இருக்கலாம். எப்படிப் பத்திரமாக எழுதுவது என்று மட்டும் தெரிந்தால் போதும். பெயர், சென்டர் பெயர், ஊர், நண்பர்கள் பெயர் எழுதாமல் இருக்கலாம். உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதை நிறுத்தும் வசதி பெரும்பாலான ஏஐ ஆப்களின் செட்டிங்ஸில் இருக்கிறது, அதை அணைக்கலாம். பழையதை அழிக்கலாம். மைக், இருப்பிடம், போன் நம்பர்ப் பட்டியல் ஆகிய அனுமதிகளை எடுத்துவிடலாம். இவற்றை அவன் செய்ய வேண்டும். நீங்கள் செய்து கொடுக்கக் கூடாது.

அடுத்து நீங்கள் போனைப் பார்த்தது. சட்டப்படி உங்கள் மேல் யாரும் கேஸ் போடப் போவதில்லை, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பயந்த தாய் செய்தது அது. ஆனால் மீண்டும் செய்யாதீர்கள். சென்டர் பட்டை மாட்டுவதும் நாம் தூங்கும்போது போனைத் திறப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு வடிவம்தான். இரண்டிலும் அவன் தானாகச் சொல்லுமுன் அவனிடமிருந்து எடுக்கிறோம்.

நான் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எழுதிய இரண்டு வரி தவிர வேறு என்ன படித்தீர்கள்? இருந்து என்ன பயன், எல்லாம் முடிந்தால் நிம்மதி என்கிற மாதிரி ஒரு வரி இருந்திருந்தாலும், இந்தப் பதிலில் மற்றது எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு இன்றைக்கே பஸ் ஏறி ஹாஸ்டலுக்குப் போங்கள். அவனைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. உயிர் விஷயத்தில் அந்தரங்கம் இரண்டாம் பட்சம். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது.

அப்படி எதுவும் இல்லை என்றால், அடுத்த முறை அவனைப் பார்க்கும்போது நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். 'பயத்தில் உன் போனைப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது, இனிமேல் பார்க்க மாட்டேன்' என்று. அவன் எழுதிய வரிகளைத் திருப்பிச் சொல்லாதீர்கள். ஏன் எழுதினாய் என்று கேட்காதீர்கள். கோபப்படுவான். கத்தலாம், ஒரு வாரம் பேசாமலும் இருக்கலாம். அதற்கப்புறம், வேறு யாரிடமாவது பேசுகிறாயா, என்ன பேசினாய் என்று நாங்கள் கேட்க மாட்டோம் என்று சொல்லுங்கள். கவுன்சிலர் ஏற்பாடு செய்தால், என்ன பேசினான் என்று அவரிடம் விசாரிக்க மாட்டேன் என்று அவன் முன்னாலேயே அவரிடம் சொல்லுங்கள். படிக்கப் பிடிக்கவில்லை என்று அவன் எழுதியதைப் பற்றி உங்கள் கணவரிடம் நீங்கள் பேசத்தான் வேண்டும். மார்க் பற்றிய பேச்சை வீட்டில் கொஞ்சம் குறைக்க அவர் மனது வைத்தால் பெரிய உதவி.

கடைசியாக ஒரு விஷயம், படிவம் கையில் இருக்கும்போதே செய்ய வேண்டியது. உங்கள் மகனுக்கு 17 என்கிறீர்கள். 18 முடிந்த அன்றிலிருந்து இந்த விஷயத்தில் உங்கள் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அவனிடம்தான் கேட்க வேண்டும். நீங்கள் இன்று ஒப்புக்கொண்டால்கூட அன்று அவன் திரும்பப் பெறலாம், அதுவரை பதிவானதை அழிக்கச் சொல்லலாம். ஆகவே சென்டரிலிருந்து தமிழ்ப் படிவம் வந்ததும் முதலில் அவனிடம் கொடுங்கள். நான் எழுதித் தந்த கடிதத்தையும் காட்டுங்கள். எந்த வரியை மாற்ற வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று அவன் சொல்லட்டும். உங்கள் கையெழுத்துக்குக் கீழே அவனும் போடட்டும். சென்டர் பதினைந்து நாளில் பதில் தராவிட்டாலோ, பேட்ச்சை மாற்றினாலோ எனக்கு எழுதுங்கள். குறைதீர் அதிகாரிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்ப வேண்டிய மனுவைத் தயார் செய்து தருகிறேன்.